வளையத்தில் இறங்காதவை

1986 மாசி 3, திங்கள்

இதைக் கண்டெடுக்கிறவர் யாராக இருந்தாலும் உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். ஒருவருக்கும் காட்டாதீர்கள். நல்லவரென்று நீங்கள் நம்புகிறவருக்கும் காட்டாதீர்கள். வாசித்தது வாசித்ததாக இருக்கட்டும், அப்படியே அடுப்புக்குள் போட்டுவிடுங்கள்.

என் பெயர் யசோதரா. பதினைந்து வயது. மார்கழியில் எனக்கு ஓ.எல். சோதனை. அப்பா சவூதியில் லொறி ஓடுகிறார். வீட்டில் அம்மா, அண்ணா, நான். எனக்கு என்ன நடந்தாலும் பத்மாவிடம் சொல்வேன். முதலாம் வகுப்பிலிருந்து ஒரே வாங்கில் இருக்கிறோம். இதை மட்டும் அவளிடம் சொல்ல முடியாது. அதனால்தான் பழைய விஞ்ஞானக் கொப்பியின் பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். லாம்பின் வெளிச்சம் வெளியே தெரியாமல் ஒரு மட்டையைச் சாய்த்து வைத்திருக்கிறேன்.

குகன் அண்ணா பின் கொட்டிலில் ரேடியோ திருத்துகிறான் என்று ஊரில் எல்லோருக்கும் நினைப்பு. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன் என்று எழுத ஆசை. ஆனால் ரேடியோ திருத்துகிறவனுக்கு வலையில் கட்டுகிற ஈயக்குண்டு எதற்கு?

இன்று பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்தைக் கழற்றுமுன் கொட்டிலுக்குள்ளிருந்து அண்ணா கத்தினான். ஓடிப்போனேன். மண்ணெண்ணெய் அடுப்பில் ஈயம் உருகிக்கொண்டிருந்தது. கரையில் யாரோ கொடுத்த குண்டுகள். வலைக்கயிறு போகும் துளைக்குள் கடல் தண்ணீர் ஒளிந்திருந்திருக்கிறது. காயவைக்காமல் அப்படியே சட்டிக்குள் போட்டுவிட்டான். ஈயம் வெடித்துச் சிதறி வலக்கையின் மூன்று விரல்களில் அப்பிவிட்டது.

அம்மா வந்து வாழைமட்டையைப் பிழிந்து கையில் ஊற்றினார். ஆசுபத்திரிக்குப் போவோம் என்று சொல்லவில்லை. இது என்ன சட்டி, இது என்ன அச்சு என்று ஒன்றும் கேட்கவுமில்லை. அண்ணாவின் கையைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மாசி 5, புதன்

இன்று எனக்கும் வேலை தந்துவிட்டான்.

"யசோ, இஞ்ச வா. ஒருத்தருக்கும் மூச்சு விடமாட்டன் எண்டு சத்தியம் பண்ணு."

"என்ன விசயமெண்டு தெரியாமல் எப்பிடிப் பண்ணுறது?"

"உனக்கு வாய் மட்டும் குறைவில்லை."

சத்தியம் பண்ணினேன். பிறகுதான் காட்டினான். வெடித்து முடிந்த வெற்றுக் கோதுகளை எங்கிருந்தோ பொறுக்கி வந்து, புதிதாக ஈயத் தலை வைத்துத் திரும்பவும் தோட்டாவாக்குகிறான். அவன் சேர்ந்திருக்கிற இயக்கத்திடம் ஒரு பிஸ்டல் இருக்கிறதாம், அதற்குத் தோட்டா இல்லையாம். வெடிமருந்து வேலை நடக்கும்போது என்னை உள்ளே விடமாட்டான். எனக்குத் தந்தது கடைசி வேலை.

பிழை அச்சில் இருக்கிறது. அது இந்தப் பிஸ்டலுக்கு வெட்டிய அச்சு இல்லை. பென்சன் எடுத்த பொலிஸ்காரர் ஒருவரின் பழைய றிவோல்வருக்கு வெட்டியது. அதில் வார்த்தால் தலை ஒரு தலைமயிர் அளவு தடிப்பாக வருகிறது. சுரண்டிச் சுரண்டித்தான் அளவுக்குக் கொண்டுவருகிறான். கொஞ்சம் கூடிவிட்டாலும் கோதுக்குள் ஏற்றும்போது கோதின் இடுப்பு ஊதிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாது. அதற்குத்தான் ஒரு பித்தளை வளையம் கடைந்து வைத்திருக்கிறான். தோட்டாவை அதற்குள் விட வேண்டும். தள்ளக்கூடாது. தன் பாரத்தில் இறங்கி 'டிக்' என்று இருக்க வேண்டும். கவிழ்த்தால் தானே விழ வேண்டும். விழுந்தால் நல்லது. இடையில் நின்றால் கூடாதது.

"விரலில தோல் இல்லை. எனக்கு இப்ப ஒண்டும் தெரியுதில்லை. நீதான் பாக்கவேணும்" என்றான். "கணக்கில இருபத்தெட்டு வாங்கினவளிட்ட அளவு பாக்கக் குடுக்கிறன். இயக்கம் உருப்பட்ட மாதிரித்தான்."

இரண்டு பால்மா டின். இரண்டும் ஒரே மாதிரி. குழம்பாமல் இருக்க, என் ஒட்டுப்பொட்டு ஒன்றை வாங்கி ஒரு மூடியில் ஒட்டினான். பொட்டு வைத்த டின்னுக்குள் நல்லவை. மற்றதற்குள் இறங்காதவை.

"இறங்காததைப் போட்டுச் சுட்டால் என்ன நடக்கும்?"

"ஒண்டில் அடைச்சுக்கொண்டு நிண்டிடும். இல்லாட்டிக் கையோட வெடிக்கும். ஏன் கேக்கிறாய்?"

"சும்மா."

"ஆமி ஊருக்க வந்தால் கையில ஒண்டுமில்லாமல் நிக்கேலாதெல்லோ. அதுக்குத்தான்" என்று தானாகவே சொன்னான். நான் அதைக் கேட்டிருக்கவில்லை.

அம்மா முன்னறையில் தையல் மெசினை மிதிக்கத் தொடங்கிய பிறகுதான் அண்ணா சுத்தியலை எடுத்தான். மெசின் நின்றால் அவனும் நிறுத்தினான். இன்றைக்குத்தான் கவனித்தேன். எத்தனை மாதமாக இப்படி நடக்கிறதோ.

மாசி 6, வியாழன்

மழை. இன்று பார்த்தவற்றில் பாதிக்கு மேல் இறங்கவில்லை. அண்ணா எரிச்சலில் சாப்பிடவில்லை.

மாசி 8, சனி

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து விளங்காவிட்டால் மன்னியுங்கள்.

பின்னேரம் கண்ணாடி அண்ணை வந்தார். இயக்கத்தில் அண்ணாவுக்கு மேலே பொறுப்பாக இருக்கிறவர். உண்மையான பெயர் தெரியாது, கண்ணாடி போட்டிருப்பதால் நான் வைத்த பெயர். எங்கள் ஊரில் யார் வந்தாலும் படலையில் நின்று கூப்பிடுவார்கள். அண்ணா நேரம் கழித்து வந்தால் யன்னலைத் தட்டுவான். இவர் மட்டும் நேரே கதவடிக்கு வந்து சைக்கிள் பூட்டுத் திறப்பால் மூன்று தட்டுத் தட்டுவார்.

"என்ன தங்கச்சி, டொக்டராகப் போறியோ, ரீச்சராகப் போறியோ?" என்று கேட்டார்.

"கணக்குப் பாஸ் பண்ணினால் யோசிக்கலாம்" என்றேன். சிரித்தார். நல்ல சிரிப்பு. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

தேத்தண்ணீர் கொண்டு கொட்டிலுக்குப் போனபோது கிடுகுத் தட்டிக்குப் பின்னால் கதை கேட்டது. நின்றுவிட்டேன்.

"ஆமிக் காம்புக்கு மூண்டு தரம் போட்டு வந்திருக்கிறார்" என்றார் கண்ணாடி அண்ணை.

"மா லொறிக்குப் பாஸ் எடுக்கப் போயிருப்பார் அண்ணை. சங்கக்கடை மனேச்சர் போகாமல் வேற ஆர் போறது?" இது அண்ணா.

"பாஸ் எடுக்கப் போறவர் உள்ளுக்க இருந்து ஆமிக்காரனோட தேத்தண்ணி குடிக்கிறாரோ?"

"இன்னொருக்கா விசாரிச்சுப் பாப்பம்."

"விசாரிச்சாச்சு. மேல முடிவெடுத்தாச்சு. புதன்கிழமை."

பிறகு அண்ணா, "ஆர் போறது?" என்று கேட்டான்.

"உன்ர கை இப்பிடிக் கிடக்கு. அதை நான் பாத்துக்கொள்ளுறன். நீ சாமானை முடி."

கோப்பைகளை வாசலில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனேன். கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் பத்மாவின் அப்பா. எனக்கு அவர் சபாநாதன் மாமா.

அந்தத் தேத்தண்ணீர்க் கதை எனக்குத் தெரியும், பத்மா சொல்லியிருக்கிறாள். பாஸ் தராமல் காக்க வைத்துவிட்டு, குடி என்று ஒரு கோப்பையை நீட்டினார்களாம். வேண்டாம் என்று சொல்லப் பயத்தில் குடித்தாராம். வீட்டுக்கு வந்து வேலியோரமாக நின்று எல்லாவற்றையும் சத்தி எடுத்தாராம். அப்போது பத்மாவும் நானும் அதற்குச் சிரித்தோம்.

மாசி 9, ஞாயிறு

பத்மா வீட்டுக்குப் போனேன். கணக்குச் செய்ய என்று அம்மாவிடம் சொன்னேன்.

மாமா முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். "வாங்கோ கணக்கு ராணி! போன தவணை இருபத்தெட்டு, இந்தத் தவணை ஐம்பத்தாறோ?" என்றார். பத்மா எல்லாவற்றையும் வீட்டில் சொல்லிவிடுவாள்.

என்னென்னவோ யோசித்துக்கொண்டு போனேன். வாயிலிருந்து வந்தது இவ்வளவுதான்: "மாமா, நீங்கள் கொழும்பில உங்கட தம்பி வீட்ட போய்க் கொஞ்ச நாள் நிக்கலாமே? இஞ்ச பிரச்சினையாக் கிடக்கு."

"நான் போனால் மா லொறிக்கு ஆர் பாஸ் எடுக்கிறது? பிறகு கொம்மா ரொட்டி சுட எங்க போவா?" அவர் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு என்னை ஒருமுறை பார்த்தார். "ஏன் பிள்ளை, ஆரும் ஏதும் கதைக்கினமோ?"

"இல்லை மாமா."

இல்லை என்றுதான் சொன்னேன். ஓம் என்றால் இரவே வெளிக்கிட்டுவிடுவார். யார் சொன்னது என்று தேடி இயக்கம் முதலில் வருவது எங்கள் வீட்டுக்கு. அண்ணாவைத்தான் பிடிப்பார்கள்.

இரவு அண்ணாவிடம் சொல்லிப் பார்த்தேன். "மாமா அந்தத் தேத்தண்ணியைச் சத்தி எடுத்தவர் அண்ணா. பத்மா கண்ணால கண்டவள்."

எனக்கு எப்படித் தெரியும் என்று அவன் கேட்கவே இல்லை. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான்.

"நான் சொன்னனான் யசோ. கேக்கினமில்லை."

"திரும்பச் சொல்லு."

"ரெண்டாந்தரம் சொன்னால் என்னைப் பற்றிக் கதைப்பினம்."

மாசி 10, திங்கள்

இன்று கடைசியாகப் பார்த்தேன். அண்ணா கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். நான் மட்டும் கொட்டிலில்.

இறங்கியவற்றை ஒரு டின்னிலும் இறங்காதவற்றை மற்ற டின்னிலும் போட்டேன். எண்ணிக்கை ஏறக்குறையச் சமம். தூக்கிப் பார்த்தால் பாரமும் ஒன்றுதான்.

பொட்டின் பசை காய்ந்து போயிருந்தது. விரல் பட்டதும் கழன்றுவிட்டது. எடுத்து நாக்கில் தொட்டுத் திரும்ப ஒட்டினேன்.

எந்த மூடியில் ஒட்டினேன் என்று இங்கே எழுதப் போவதில்லை.

மாசி 11, செவ்வாய்

கண்ணாடி அண்ணையின் கையை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். தேத்தண்ணீர்க் கோப்பையை வாங்கும்போது பார்த்திருக்கிறேன். நீளமான, துப்புரவான விரல்கள். அடைத்துக்கொண்டுதான் நிற்கும், வெடிக்காது என்று எனக்குள்ளேயே சொல்கிறேன். அடைத்துக்கொண்டு நிற்கட்டும் பிள்ளையாரே. அவருக்கும் ஒரு தங்கச்சி இருக்கக்கூடும்.

இன்று பத்மா தன் முட்டை ரொட்டியில் பாதியைத் தந்தாள். மா வீட்டில் தாராளமாம், லொறி வந்துவிட்டதாம். திருப்பி அவள் கையிலேயே வைத்தேன். பல்லுக்கொதி என்று சொன்னேன்.

மாசி 12, புதன்

காலையில் அண்ணா கைக்கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

முதலில் எனக்கு விளங்கவில்லை. மருந்து மாற்றுகிறான் என்று நினைத்தேன். பழைய சீலையைச் சுருட்டி எறிந்துவிட்டு விரல்களை மடக்கி நீட்டி மடக்கி நீட்டிப் பார்த்தான். புதுத் தோல் ரோசா நிறத்தில் மினுங்கியது.

"எங்க போறாய்?"

"உனக்குத் தெரியும்."

"கண்ணாடி அண்ணை தான் பாத்துக்கொள்ளுறன் எண்டு சொன்னவர். நான் கேட்டனான்."

"அவரைக் கண்டால் மனேச்சர் சைக்கிளை நிப்பாட்டுவாரோ?" அண்ணா என் முகத்தைப் பார்க்கவில்லை. "என்னைக் கண்டால் நிப்பாட்டுவார். அறிஞ்ச முகம். அதுதான் என்னைப் போகச் சொல்லிச் சொல்லியிருக்கினம்."

சின்ன வயதில் அண்ணாவுக்குச் சைக்கிள் பழக்கியது மாமாதான். சங்கக்கடை வளவுக்குள் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடுவார்.

பொட்டு வைத்த டின் காலியாக மேசையில் கிடந்தது. மற்றது மூடியபடி. முன்னறையில் அம்மா மெசினை மிதித்துக்கொண்டிருந்தார். அவரைத் தாண்டித்தான் வெளியே வந்தேன். மெசினில் துணி இல்லை. ஊசி வெறுமனே ஏறி இறங்கியது.

படலை வரை அண்ணாவுக்குப் பின்னால் போனேன். ஒரே ஒரு வசனம் போதும். சொன்னால் அவன் திரும்பிப் போய் மற்ற டின்னை எடுப்பான், மதியத்துக்குள் பத்மாவுக்கு அப்பா இல்லை. சொல்லாவிட்டால் அந்த ரோசா நிற விரல்கள்.

"அண்ணா."

"என்ன?"

"ஒருக்கா அமத்தி வெடிக்காட்டி, ரெண்டாந்தரம் அமத்தாத. அப்பிடியே எறிஞ்சு போட்டு ஓடி வா."

அவன் படலையில் கை வைத்தபடி நின்றான். என்னைப் பார்த்தான். என் நெற்றியைப் பார்த்தான் என்றுதான் நினைக்கிறேன், பொட்டு இருக்கும் இடத்தை. பிறகு கொட்டில் பக்கம் பார்த்தான். திரும்பிப் போகப் போகிறான் என்று நினைத்தேன்.

"உனக்கு வாய் மட்டும் குறைவில்லை" என்றான். சைக்கிளை எடுத்துக்கொண்டு குறுகிய ஒழுங்கையால் போனான்.

பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கப் பத்மாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். யாரோ மேசை மூடியைப் படார் என்று போட்டபோது நான் எழுந்தே நின்றுவிட்டேன். வகுப்பே சிரித்தது. பத்மாதான் கையைப் பிடித்து இருத்தினாள்.

அண்ணா இன்னும் வரவில்லை.

மாசி 13, வியாழன்

விடியவே பத்மா எங்கள் படலையில் நின்றாள். பள்ளிக்கூடச் சட்டை போட்டிருக்கவில்லை. கையில் எனக்குத் தரவேண்டிய கணக்குக் கொப்பி.

"நாங்கள் கொழும்புக்குப் போறம். பஸ்ஸுக்கு நேரமாகுது."

"ஏன்?" என்று கேட்டேன். இவ்வளவு நன்றாக நடிப்பேன் என்று எனக்குத் தெரியாது.

"நேற்று அப்பா கடைக்குப் போகேக்க ஒரு பெடியன் முன்னால வந்து நிண்டவனாம். தெரிஞ்ச பெடியன் எண்டு அப்பா சைக்கிளை நிப்பாட்டியிருக்கிறார். துவக்கை எடுத்து நீட்டினவனாம். டிக் எண்டு ஒரு சத்தம், அவ்வளவுதான். பேந்து அவன் அதை வேலிக்குள்ள எறிஞ்சு போட்டு அழுதுகொண்டு ஓடிட்டானாம்."

"கையில ஒண்டும் நடக்கேல்லையோ?"

பத்மா என்னைப் பார்த்தாள். "ஆருக்கு?"

"மாமாவுக்கு."

"அப்பாவுக்கு ஒண்டுமில்லை. பெடியன் ஆரெண்டு கேட்டால் சொல்லுறாரில்லை. செத்தாலும் சொல்லமாட்டன் எண்டுறார்." கொப்பியை என் கையில் வைத்தாள். உடனே விடவில்லை. "ஏன் சொல்லுறாரில்லை எண்டு எனக்கு விளங்கீட்டுது யசோ."

போய்விட்டாள். ஒழுங்கை முடியும் மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை.

மாமா இருக்கிறார். அண்ணாவின் விரல்களும் இருக்கின்றன. இரண்டும் கிடைத்துவிட்டன என்று ஒரு நிமிடம் சந்தோசமாகக்கூட இருந்தேன்.

அண்ணா இன்றும் வரவில்லை. யன்னல் கொக்கியைப் போடாமல் விட்டிருக்கிறேன்.

மாசி 14, வெள்ளி

பின்னேரம் கண்ணாடி அண்ணை வந்தார். மூன்று தட்டு. இந்த முறை சிரிக்கவில்லை. நேரே கொட்டிலுக்குப் போய் வளையத்தையும் மிஞ்சிய டின்னையும் எடுத்துக்கொண்டு வந்தார். எங்கள் முன்னாலேயே மூடியைத் திறந்து ஒரு தோட்டாவை எடுத்து வளையத்துக்குள் விட்டார். டிக். கவிழ்த்தார், விழுந்தது. இன்னொன்று. டிக். இன்னொன்று.

"கழிச்சது எண்டு வைச்ச டின்னுக்குள்ள எல்லாம் நல்ல சாமான்" என்றார்.

அம்மா மெசினுக்கு முன்னால் இருந்தார். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணா எங்க?" என்று கேட்டேன்.

"எங்களிட்டத்தான் இருக்கிறான். வேணுமெண்டு செய்தனியோ எண்டு கேட்டால் ஓம் எண்டுறான். ஆர் அளவு பாத்தது எண்டு கேட்டால் தான்தானாம். வேற ஒரு கதையும் இல்லை." அவர் கண்ணாடியைக் கழற்றிச் சாரத்தில் துடைத்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு அண்ணாவின் வயதுதான் இருக்கும் போலத் தெரிந்தது. "அந்தக் கையோட அவன் எப்பிடி அளவு பாத்தவன் எண்டுதான் நான் யோசிக்கிறன்."

கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு என் விரல்களைப் பார்த்தார்.

"நான்தான் பாத்தனான் தம்பி" என்றார் அம்மா.

எத்தனையோ மாதமாக ஒன்றும் கேட்காமல், ஒன்றும் சொல்லாமல் இருந்த அம்மா. வளையத்தை அவர் கையால் தொட்டதே இல்லை.

"வயசு போட்டுது. கண் சரியில்லை. மாறிப் போட்டுட்டன். அவனை விடுங்கோ."

"ஊசிக்குக் கண்ணாடி இல்லாமல் நூல் கோக்கிறியள் அம்மா" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. "இரவைக்குத் திரும்ப வருவன். தனிய வரமாட்டன். அதுக்கிடையில மூண்டு பேரில ஆர் எண்டு யோசிச்சு வையுங்கோ. விடிஞ்சால் அவன்ர விசயம் முடிவாகிடும்."

அவர் போன பிறகு அம்மா எனக்குச் சோறு போட்டார். தானும் என்னோடு இருந்து சாப்பிட்டார். "கேட்டால் நான்தான். நீ வாய் திறக்கக் கூடாது. விளங்குதே?" என்றார். பிறகு மெசினுக்கு எண்ணெய் விட்டு மூடிவைத்துவிட்டு, உடுத்த சேலையோடு படுத்துவிட்டார். நித்திரை கொள்ளவில்லை. பாயில் வளையல் அசைவது கேட்கிறது.

மாமாவின் பெயரை அண்ணா ஏற்கெனவே ஒருமுறை காப்பாற்றப் பார்த்தவன். இப்போது என் பெயரை. அம்மாவும் என் பெயரைத்தான். எல்லோரும் என்னை மறைத்தால் விடியும்போது அண்ணா இல்லை. அது இருபத்தெட்டு வாங்கினவளுக்கும் விளங்குகிற கணக்கு.

அதனால் எழுதிவிடுகிறேன். கையெழுத்து என்னுடையது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். தொடக்கத்தில் காட்டாதீர்கள் என்று கும்பிட்டேனே, அதை மறந்துவிடுங்கள். இதைக் காட்டுங்கள். கண்ணாடி அண்ணையிடம் காட்டுங்கள்.

மாசி 10ஆம் திகதி பொட்டை மாற்றி ஒட்டியது நான். இறங்காதவை இருந்த டின்னின் மூடியில் ஒட்டினேன். அண்ணாவுக்குத் தெரியாது. படலையில் நான் அந்த வசனத்தைச் சொல்லும் வரை அவனுக்கு ஒன்றும் தெரியாது. அம்மாவுக்கு எதுவுமே தெரியாது. மாமா காம்பில் குடித்தது ஒரு கோப்பை தேத்தண்ணீர், அதையும்

மூன்று தட்டு.

யன்னலில் இல்லை, கதவில்.

அம்மா எழும்புகிறார். வளையல் சத்தம் கேட்கிறது. இல்லை அம்மா, நீங்கள் படுங்கோ, நான்தான் திற